பேட்டரியில் காணாமல் போகும் இரண்டு மணி நேரம்

வீட்டு இன்வெர்ட்டருக்குப் பேட்டரி வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் காட்டுவது பெரும்பாலும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று மேலே அச்சிட்ட ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டு எண்களையும் பெருக்கினால் அதற்குள் இருக்கும் ஆற்றல் கிடைத்துவிடும்: 1,800 வாட்-மணி. மின்தடையின்போது மூன்று சீலிங் ஃபேனும் நான்கு எல்இடி ட்யூப்லைட்டும் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய வகை ஃபேன் ஒன்றுக்கு 75 வாட், ட்யூப்லைட்டுக்கு 18 வாட். கூட்டினால் ஏறக்குறைய 300 வாட். 1,800-ஐ 300-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் பிற்பகல் மூன்று மணி வரை கவலையில்லை என்கிறது கணக்கு. ஆனால் பேட்டரி புத்தம் புதியதாக இருந்தாலும் மதியம் ஒரு மணி வாக்கில் இன்வெர்ட்டர் கீச்சிட்டுவிட்டு நின்றுவிடும். வேடிக்கை அதோடு முடிவதில்லை. எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து இன்வெர்ட்டரை மறுபடி இயக்கி ஒரே ஒரு ஃபேனை மட்டும் போட்டால் அது சுற்றுகிறது. அதுவும் கணிசமான நேரத்துக்கு. இடையில் யாரும் சார்ஜ் ஏற்றவில்லை. இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று, இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்ற இரண்டும் விளங்கிவிட்டால், எந்தப் பேட்டரி வாங்கலாம் என்று கடையில் கேட்கும் கேள்வியே மாறிவிடும்.

காணாமல் போன முதல் ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. பேட்டரி தருவது 12 வோல்ட் நேர்மின்னோட்டம். ஃபேனுக்கு வேண்டியது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வேலையை இன்வெர்ட்டர் கூலியில்லாமல் செய்வதில்லை. அதன் டிரான்ஸ்ஃபார்மரும் மின்னணுச் சுற்றும் சூடாவதிலேயே நூற்றுக்குப் பதினைந்து போய்விடுகிறது. ஆக 300 வாட் வெளியே வர, பேட்டரியிலிருந்து சுமார் 350 வாட் கிளம்ப வேண்டும். அதாவது ஏறத்தாழ 30 ஆம்பியர். 150-ஐ 30-ஆல் வகுத்தால் ஐந்து. ஆறு மணி ஐந்தாகிவிட்டது. இந்த இடத்தில் பலர் குழம்பும் ஒன்றையும் சொல்லிவிடலாம். இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் இருக்கும் 900 விஏ, 1,100 விஏ போன்ற எண்களுக்கும் எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கும் தொடர்பே இல்லை. ஒரே சமயத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைத்தான் அவை சொல்கின்றன. நேரத்தைத் தீர்மானிப்பது பேட்டரியும் சுமையும் மட்டுமே. பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் அதிக நேரம் வரும் என்று நம்பிப் பணம் கொடுப்பவர் அதற்குப் பதிலாகப் பெறுவது, சும்மா இருக்கும்போதே சற்றுக் கூடுதலாக மின்சாரம் தின்னும் ஒரு பெட்டியை.

இரண்டாவது மணி நேரம் பேட்டரிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதைத் தேட, 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாண்டே செய்த மின்கலத்துக்குப் போக வேண்டும். காரீயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் மூழ்கவைத்தால் மின்சாரத்தைச் சேமிக்கலாம், திரும்ப எடுக்கலாம், மறுபடி சேமிக்கலாம் என்று அவர் காட்டினார். இன்று நம் வீட்டு மூலையில் இருப்பதும் அடிப்படையில் அதுதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது உடனே தெரிந்துவிடவில்லை. 1882-இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரு ஆங்கிலேய வேதியியலாளர்கள் அதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நேர்முனையில் காரீய டை ஆக்சைடு இருக்கிறது, எதிர்முனையில் வெறும் காரீயம். மின்சாரம் வெளியேறும்போது இரண்டுமே அமிலத்தோடு வினைபுரிந்து ஒரே பொருளாக, காரீய சல்ஃபேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகிறது, தண்ணீர் உண்டாகிறது. இது சரிதானா என்று சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. அமிலம் தண்ணீரைவிடக் கனமானது. அது உண்மையாகவே செலவாகிறது என்றால், பேட்டரி தீரத் தீர உள்ளிருக்கும் திரவம் இலேசாக வேண்டும். பேட்டரி மெக்கானிக் ரப்பர் பல்பு வைத்த கண்ணாடிக் குழாயால் திரவத்தை உறிஞ்சி, உள்ளே மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பது இதைத்தான். அந்த ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி, முழுதாகச் சார்ஜ் ஏறிய இன்வெர்ட்டர் பேட்டரியில் 1.24 வாக்கில் இருக்கும்; தீரும்போது 1.1-ஐ நோக்கி இறங்கும். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய கோட்பாடு தெருமுனைப் பேட்டரிக் கடையில் இன்றும் தினமும் சரிபார்க்கப்படுகிறது.

அமிலமும் வினைபுரியும் பொருள் என்பதிலிருந்துதான் நம் புதிர் அவிழ்கிறது. தகட்டில் இருக்கும் செயல்பொருள் கெட்டியான பாளம் அல்ல, நுண்ணிய துளைகள் நிறைந்த பஞ்சுத் தன்மையுள்ளது. வினை நடப்பது துளைகளின் உள்சுவரில். அங்கே அமிலம் தீர்ந்ததும் வெளியே இருக்கும் அமிலம் மெல்ல விரவி உள்ளே போக வேண்டும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்கட்டில் அண்டா நிறையச் சோறு இருக்கிறது; ஆனால் பரிமாறுகிறவர்கள் நான்கே பேர். பந்தியில் நிதானமாகச் சாப்பிட்டால் அண்டா காலியாகும்வரை குறையில்லை. எல்லாரும் அவசரமாகச் சாப்பிட்டால் இலை காலி, கேட்கிறவர்களுக்குச் சோறு இல்லை. அண்டாவிலோ மிச்சம் கிடக்கிறது. முப்பது ஆம்பியர் இழுக்கும்போது நடப்பது இதுதான். துளைக்குள் அமிலம் வற்றிவிடுகிறது, போதாததற்குத் துளைவாயில் சல்ஃபேட் படிந்து வழியைக் குறுக்குகிறது. வோல்ட் சரிகிறது. 10.5 வோல்ட்டை நெருங்கியதும் இன்வெர்ட்டர் காலியாகிவிட்டது என்று முடிவுகட்டி நிற்கிறது. அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தால் வெளி அமிலம் உள்ளே ஊறிவிடுகிறது. பிறகு ஒற்றை ஃபேனுக்கு வேண்டிய ஏழெட்டு ஆம்பியரை நிதானமாகத் தர முடிகிறது. அந்த மிச்சம் எங்கும் போகவில்லை, உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இதை முறையாக அளந்து ஒரு விதியாக எழுதியவர் ஜெர்மானிய அறிவியலாளர் வில்ஹெல்ம் பாய்க்கர்ட், ஆண்டு 1897. பேட்டரிகளை வெவ்வேறு மின்னோட்டத்தில் தீரும்வரை ஓடவிட்டுப் பார்த்தால், மின்னோட்டத்தை இருமடங்காக்கும்போது நேரம் பாதியாவதில்லை. பாதிக்கும் கீழே போகிறது. எனவே கொள்ளளவு என்று ஒரு தனி எண்ணே பேட்டரிக்குக் கிடையாது. எவ்வளவு வேகத்தில் எடுக்கிறோம் என்பதைச் சொன்னால்தான் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்ல முடியும். தயாரிப்பாளர்கள் இதை மறைப்பதும் இல்லை. 150 ஆம்பியர்-மணி என்பதன் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் சி20 என்று இருக்கும். 27 டிகிரி வெப்பநிலையில், இருபது மணி நேரத்தில் தீரும்படி மெதுவாக எடுத்தால் இவ்வளவு என்று பொருள். இருபது மணி நேரத்துக்கு 150 என்றால் 7.5 ஆம்பியர். இன்வெர்ட்டரின் கூலியைக் கழித்தால் அது 75 வாட் சொச்சம், அதாவது ஒரே ஒரு பழைய ஃபேன். பேட்டரியின் மேல் அச்சிட்ட எண், ஒரு ஃபேனை மட்டும் இருபது மணி நேரம் ஓட்டும் வீட்டுக்குத்தான் முழு உண்மை. ஐந்து மணி நேரத்தில் தீர்க்கும் வேகத்தில் எடுத்தால் கைக்கு வருவது ஐந்தில் நான்கு பங்கு, 120 ஆம்பியர்-மணி அளவுதான். 120-ஐ 30-ஆல் வகுத்தால் நான்கு. காணாமல் போன இரண்டாவது மணி நேரமும் கிடைத்துவிட்டது.

என் வாதம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கொள்ளளவு சுமையைப் பொறுத்தது என்றால், பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது பேட்டரியில் தொடங்கக் கூடாது, கூரையில் தொடங்க வேண்டும். மூன்று ஃபேனையும், தூரிகை இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார் கொண்ட பிஎல்டிசி வகைக்கு மாற்றினால் ஒவ்வொன்றும் 75 வாட்டுக்குப் பதில் 30 வாட் வாக்கில் இழுக்கும். 300 வாட் சுமை 162-ஆகக் குறைகிறது. பேட்டரியிலிருந்து போவது 16 ஆம்பியர். அந்த வேகத்தில் கைக்கு வரும் கொள்ளளவும் 130-க்கு மேலே ஏறுகிறது. நான்கு மணி நேரம் எட்டு மணி நேரமாகிறது. சுமை இன்னும் பாதியாகக்கூட ஆகவில்லை, நேரம் இரட்டிப்பாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பாய்க்கர்ட் விதி இப்போது நம் பக்கம் வேலை செய்கிறது. பராமரிப்பு மின்தடை நாளில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை தாங்கும் ஏற்பாடு, பேட்டரியைத் தொடாமலே கிடைத்துவிட்டது.

பிஎல்டிசி ஃபேன் விலை அதிகம், மூன்று வாங்கும் காசில் இன்னொரு பேட்டரிக்கான பெரும் பங்கு வந்துவிடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டாவது பேட்டரி சேர்த்தாலும் நேரம் இரட்டிப்பாகும், சற்றுக் கூடுதலாகவே. ஆனால் பேட்டரி உதவுவது மின்சாரம் இல்லாத நேரத்தில் மட்டும். ஃபேனோ மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் மிச்சம் பிடிக்கிறது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றும் ஒரு ஃபேனில் 45 வாட் குறைந்தால் ஆண்டுக்கு 200 யூனிட் அளவுக்குக் குறையும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து, யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் அட்டவணையில் பில் போடுவதால், விலை அதிகமான கடைசி யூனிட்டுகள்தான் முதலில் கழியும். பேட்டரியை நான்கைந்து ஆண்டில் மாற்றியாக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஃபேன் தோற்பதாகத் தெரியவில்லை. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம் என்பதால், எத்தனை வாட் என்பதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பியிருக்கவும் வேண்டியதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிக்கனமெல்லாம் சரி, 220 ஆம்பியர்-மணிப் பேட்டரியாகவே வாங்கிவிட்டால் எதற்கும் பஞ்சமிருக்காதே என்பது அது. இதில் மறந்துபோவது, எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டும் என்பதுதான். வீட்டு இன்வெர்ட்டர்களின் சார்ஜர் பொதுவாக 15 ஆம்பியர் அளவில் ஏற்றும். 120 ஆம்பியர்-மணி எடுத்திருந்தால், ஏற்றும்போது ஆகும் சேதாரத்தோடு 140 வைக்க வேண்டும். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும் என்பதால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். 2012-இல் தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை உச்சத்தில் இருந்தபோது, சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் இருட்டு என்று மாறி மாறி வந்தது. நம் 300 வாட் வீட்டை அந்தக் காலத்தில் வைத்துப் பாருங்கள். இருட்டு மணியில் 30 போகிறது. வெளிச்ச மணியில் 15 வருகிறது, அதிலும் சேதாரம் போக 13. சுற்றுக்கு 17 வீதம் சரிந்தால் ஏழு சுற்றில் கஜானா காலி. அங்கே 220 ஆம்பியர்-மணி வைத்திருந்தால் சரிவு இன்னும் சில சுற்று தள்ளிப்போயிருக்கும், நின்றிருக்காது. சுமையைப் பாதியாக்கியிருந்தால் போவதும் வருவதும் ஏறக்குறைய சமமாகியிருக்கும். பேட்டரி போலி என்று அன்று திட்டியவர்களில் பலருடைய பேட்டரியில் குறை ஒன்றும் இருந்திருக்காது.

நிறையாமலே கிடக்கும் பேட்டரிக்கு இன்னொரு கேடும் உண்டு. மின்சாரம் எடுக்கும்போது உண்டாகும் காரீய சல்ஃபேட் முதலில் மிக நுண்ணிய துகள்களாக இருக்கும். சார்ஜ் ஏற்றினால் எளிதில் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் சிறு துகள்கள் சேர்ந்து பெரிய, கடினமான படிகங்களாகிவிடும். பிறகு எந்தச் சார்ஜருக்கும் அவை முழுதாக மசிவதில்லை. பேட்டரியில் சல்ஃபேட் பிடித்துவிட்டது என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆழத்துக்கு இறக்குகிறோம் என்பதும் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இதை இறக்க ஆழம் என்று சொல்லலாம். பாதியோடு நிறுத்தப்படும் பேட்டரி, அடிவரை வழிக்கப்படும் பேட்டரியைவிடப் பல மடங்கு முறை உழைக்கும். இறக்கி ஏற்றும்போதெல்லாம் செயல்பொருள் சுருங்கி விரிந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்வதுதான் காரணம். ட்யூபுலர் பேட்டரி என்று தனியாக விற்பது இந்த உதிர்வைத் தடுக்க வந்தது. அதில் நேர்முனையின் செயல்பொருள் தட்டையான வலையில் பூசப்படாமல், துணிபோன்ற உறைக்குழாய்களுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். உதிர இடமில்லை. காரின் பேட்டரி இதற்கு நேர் எதிர்: சில வினாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தர வேண்டும் என்பதற்காக மெல்லிய தகடுகளை நெருக்கி அடுக்கியது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வீட்டில் வைத்தால் சில மாதத்தில் கைவிட்டுவிடும்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். வேதிவினையின் வேகம் வெப்பத்தோடு எப்படி ஏறுகிறது என்பதை வேதியியலாளர் அர்ரீனியஸ் 1889-இல் வகுத்துக் காட்டினார். தகட்டின் உட்கம்பியை அரிக்கும் வினையும் வேதிவினைதான். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்ற பேட்டரிக்காரர்களின் தோராயக் கணக்கு அங்கிருந்து வருவது. மாடிப்படி உச்சியில் தகரக் கூரைக்கு அடியில் வேலூர் வெயிலில் வேகும் பேட்டரிக்கும், தரைத்தளத்தில் காற்றோட்டமான மூலையில் இருக்கும் பேட்டரிக்கும் விலை ஒன்றுதான், ஆயுள் ஒன்றல்ல. காற்றோட்டம் வெப்பத்துக்காக மட்டுமல்ல. சார்ஜ் ஏறும் கடைசிக் கட்டத்தில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வருகிறது. காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். ஆகவே மூடிய அலமாரி வேண்டாம், பூஜை விளக்குக்குப் பக்கமும் வேண்டாம். பிரிந்துபோன தண்ணீரைத்தான் டிஸ்டில்டு வாட்டராக ஊற்றி ஈடுகட்டுகிறோம். போர் தண்ணீரிலுள்ள இரும்பும் குளோரைடும் தகட்டோடு வினைபுரியும் என்பதால் அது கூடாது. அமிலமும் ஊற்றக் கூடாது, ஆவியானது அமிலம் அல்ல.

இத்தனை வம்பு எதற்கு, லித்தியம் வாங்கிவிடலாமே என்பது இன்றைய கேள்வி. வீட்டுக்கு வருவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃபும் உடன் ஆய்ந்தவர்களும் 1997-இல் வெளியிட்ட பொருள் அது. லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் குடினஃப் ஒருவர். செல்போன் பேட்டரி வெடித்த செய்திகளை நினைத்து இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. செல்போனில் இருக்கும் கோபால்ட் ஆக்சைடு வகை சூடானால் ஆக்சிஜனைக் கக்கி நெருப்புக்குத் தீனி போடும். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் வெளிவராது. பாய்க்கர்ட் விளைவு இதில் மிகச் சிறியது, முப்பது ஆம்பியர் இழுத்தாலும் கொள்ளளவு ஏறக்குறைய முழுதாக வரும். தண்ணீர் கேட்காது, வேகமாக ஏறும், இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் தாங்கும்.

ஆனாலும் 100 ஆம்பியர்-மணி லித்தியம் 150 ஆம்பியர்-மணிக் காரீயத்துக்குச் சமம் என்ற விற்பனைப் பேச்சு பாதிதான் உண்மை. 12.8 வோல்ட்டில் 100 என்றால் 1,280 வாட்-மணி. அதில் தொண்ணூறு விழுக்காடு எடுத்தாலும் நம் வீட்டில் மூன்றேகால் மணி நேரம். காரீயப் பேட்டரியை அடிவரை எடுத்தால் நான்கு மணி நேரம் வந்ததே. ஆயுளுக்காகப் பாதியோடு நிறுத்துபவருக்கு லித்தியம் வெல்லும், எப்போதாவது ஒருநாள் முழுதாக எடுப்பவருக்கு வெல்லாது. அதுபோலத்தான் இரண்டாயிரம் சுற்றும். நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் மின்தடை உள்ள ஊரில், சோலார் வைத்துத் தினமும் ஏற்றி இறக்கும் வீட்டில் அந்தச் சுற்றுகளுக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. வாரம் இருமுறை அரை மணி நேரம், மாதம் ஒருமுறை பகல் முழுதும் என்றிருக்கும் வீட்டில் அவற்றைச் செலவழித்து முடிக்கும் முன் பேட்டரி வெறுமனே வயதாகியே ஓய்ந்துவிடும். அத்தகைய வீட்டுக்குச் சுமையைக் குறைத்த பிறகு ஒரு ட்யூபுலர் போதும் என்பதே என் தீர்ப்பு. லித்தியம்தான் என்று முடிவானால் பழைய இன்வெர்ட்டரின் சார்ஜர் அதற்கு ஒத்துவருமா என்று கேட்டாக வேண்டும்; காரீயத்துக்காக வைத்த சார்ஜிங் வோல்ட் லித்தியத்துக்கு அப்படியே பொருந்தாது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு வேண்டியது வைஃபை மட்டும் என்றால் இதெல்லாம்கூடத் தேவையில்லை. ரவுட்டருக்கென்றே வரும் கையளவு மினி யூபிஎஸ் பல மணி நேரம் ஓட்டும்.

ட்யூபுலர் வாங்குபவர் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் சி20-ஆ, சி10-ஆ என்று பார்க்க வேண்டும். சோலாருக்கென விற்கும் பேட்டரிகளில் சி10 இருக்கும். அதே 150-ஐப் பத்து மணி நேரத்தில் தரக்கூடியது என்பதால் அது உள்ளபடியே பெரிய பேட்டரி. எடையைக் கேட்கலாம். காரீயம்தான் சரக்கு, 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் அமிலத்தோடு ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், ஒரே எண் போட்ட இரண்டில் மிகவும் இலேசானது எதையோ மிச்சம் பிடித்திருக்கிறது. வாரண்டியில் 36+24 என்று கூட்டலாக எழுதியிருந்தால், முதல் எண்தான் இலவசமாக மாற்றித் தரும் மாதங்கள். இரண்டாவதில் கிடைப்பது விலையில் ஒரு கழிவு மட்டும். இன்வெர்ட்டர் சைன் அலை வகையாக இருக்கட்டும். சதுர அலையில் ஃபேன் உறுமுவது அதிர்வு மட்டுமல்ல, சுருளில் வீணாகச் சூடாகும் மின்சாரமும் அதில் சேர்த்தி.

வாங்கிய முதல் வாரத்தில், முழுச் சார்ஜில், மெயினை அணைத்துவிட்டுத் தெரிந்த சுமையைப் போட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று குறித்து வைக்கலாம். மேலே சொன்ன கணக்குக்கு அருகில் வந்தால் சரக்கு சரி. ஆண்டுக்கு ஒருமுறை அதே சுமையில் திரும்பப் பார்த்து, நேரம் சட்டென்று சரிந்திருந்தால் மெக்கானிக்கிடம் ஆறு செல்லுக்கும் ஒப்படர்த்தி எடுக்கச் சொல்லலாம். ஆறும் ஒன்றுபோல் குறைந்திருந்தால் சார்ஜ் போதவில்லை. சார்ஜரைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து 1.24-இல் நிற்க ஒன்று மட்டும் 1.15-இல் கிடந்தால் அந்த ஒரு செல் போய்விட்டது, தொடராக இணைந்த மற்ற ஐந்தும் அதன் வேகத்துக்குத்தான் நடக்கும். அப்படிப்பட்ட பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் போட்டால் கடைக்காரர் பழைய காரீயத்தின் எடைக்கு ஒரு தொகை கழித்துக்கொள்வார்.